மிர்லாந்துக்கு விழாத வாக்குகள்

“அந்தக் கறுவலுக்கோ வோட்டு? செத்தாலும் போடமாட்டன்!” என்றாள் கௌரி. தானும் ஒன்றும் வெள்ளைக்காரி இல்லை என்பது அவளுக்கு அந்த நேரம் மறந்து போயிருந்தது.

2003ஆம் ஆண்டு. மொன்றியலில் ஒரு தையல் தொழிற்சாலை. அன்று பின்னேரம் யூனியன் பிரதிநிதித் தேர்தல். ஹெயிட்டிக்காரி மிர்லாந்தும், முதலாளி சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் மார்செலும் போட்டியிட்டார்கள்.

“மாமி, மிர்லாந்த் துணிஞ்சு கதைப்பா. எங்களுக்கும் நல்லது,” என்றாள் அங்கேயே வேலை செய்யும் அவளது தமையன் மகள் நிருஷா.

“உனக்கென்ன தெரியும்? அவள் வந்தால் தன்ர ஆக்களைத்தான் பாப்பாள். எங்கட ஆக்கள் ஒருதரும் அவளுக்குப் போடக்கூடாது.”

கௌரி கிழித்த கோட்டைத் தமிழ்ப் பெண்கள் தாண்ட மாட்டார்கள். மார்செல் சுலபமாக வென்றான். மிர்லாந்த் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் நிருஷாவுக்கு அகதி வழக்கு விசாரணை. ஒரு நாள் வேலைக்கு வரவில்லை. மறுநாள் வந்தவளை, “இனி வரத் தேவையில்லை” என்று மனேஜர் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

கௌரி மார்செலிடம் ஓடினாள்.

“மனேஜர் முடிவெடுத்தால் முடிவுதான். நான் என்ன செய்ய?” அவன் கோப்பியை எடுத்துக்கொண்டு நகர்ந்தான்.

கௌரிக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. பக்கத்து மெஷினில் தைத்துக்கொண்டிருந்த ஹெயிட்டிக்காரி கெற்லியிடம் அரைகுறைப் பிரெஞ்சில் பாய்ந்தாள்.

“நீங்கள் இவ்வளவு பேர் இருக்கிறீங்கள்! ஒண்டா நிண்டு மிர்லாந்தை வெல்லப் பண்ணியிருக்கலாமே?”

“நாங்கள் அவளுக்குப் போடவில்லை.”

“ஏன்?”

“போன மாதமும் உங்கள் நிருஷாவை வேலையை விட்டு நிறுத்தப் பார்த்தார்களே?”

“ஓம். நான் மனேஜரைக் கும்பிட்டு அழுதன், விட்டிட்டார்.”

“நீ அழுததற்கா விட்டார்? மிர்லாந்த் உள்ளே போய்ச் சண்டை பிடித்தாள்.”

என்ன பாவம் செய்துவிட்டேன் என்று கௌரி தலையில் அடித்துக்கொண்டாள்.

கெற்லி தலை நிமிராமல் சொன்னாள்:

“எங்களுக்கு அதுதான் கோபம். எப்பவும் தமிழருக்காகத்தானே சண்டை பிடிக்கிறாள், தமிழரே அவளுக்கு வோட்டுப் போடட்டும் என்று விட்டுவிட்டோம்.”