முதல் நாலு, கடைசி நாலு

சைபர் குற்றப் பிரிவின் விசாரணை அறையில் அவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வைக்க வந்த காவலர், பெரிய மோசடி மன்னன் சிக்கிவிட்டான் என்றே நினைத்து, போகும்போது வெளியே தாழ் போட்டுவிட்டுப் போனார்.

தாழை நீக்கிக்கொண்டு வந்த பெண் அதிகாரி உற்றுப் பார்த்தாள். "ஐயோ, சரித்திர வாத்தியார்! கைக்குட்டையை எடுங்க சார். நீங்க புகார் குடுக்க வந்தவர், திருடின ஆள் இல்ல."

வாத்தியாருக்குப் பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. டீ ஆறுவதற்குள் ஒரு கட்டு விடைத்தாளைத் திருத்தி முடித்து, பள்ளிக்கூடத்தையே வாய் பிளக்க வைத்த சூரர் அவர். இன்று தன்னிடம் படித்த பெண்ணிடமே இந்தக் கோலத்தில் வந்து மாட்டிக்கொண்டார்.

விஷயம் இதுதான். வெளிநாட்டில் வீடு வாங்கும் மகனுக்கு, ஓய்வுபெற்றபோது வந்த பணத்தையெல்லாம் கிரிப்டோ என்னும் இணைய நாணயமாக மாற்றி அனுப்பினார். வங்கிக் கணக்கு எண் போல அதற்கும் ஒரு முகவரி உண்டு. ரயில் நீளத்துக்கு இருக்கும். பணம் போனது, மகனிடம் போகவில்லை. மனைவிக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் வீட்டுக் கூரை நிற்காது.

"முகவரியை எங்கேருந்து எடுத்தீங்க சார்?"

"போன்ல அந்தப் பணம் வச்சிருக்கிற வாலட் ஆப்ல பழைய வரவு-செலவுப் பட்டியல் இருக்குல்ல, அதுல மேலே இருந்ததைக் காப்பி பண்ணேன்."

"அங்கதான் மாட்டினீங்க. நீங்க முன்னே மகனுக்கு அனுப்பினதைப் பாத்து, அவர் முகவரி மாதிரியே தொடங்கி, அதே மாதிரி முடியற ஒண்ணைத் திருடன் தயார் பண்ணியிருக்கான். அதுலேருந்து உங்களுக்குக் கொஞ்சம் சில்லறை போட்டிருப்பான், அந்தப் பட்டியல்ல மேலே வந்து உக்காரத்தான்."

"சரிபாத்தேம்மா! முதல் நாலு எழுத்து, கடைசி நாலு எழுத்து, அச்சு அசல்."

"நடுவுல?"

வாத்தியார் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அவ்வளவு நீளத்தைப் போய் யாரும்மா படிப்பா?"

"படிக்கணும் சார். பட்டியல்லேருந்து எடுக்கவே கூடாது. மகன்கிட்டயே கேட்டு வாங்கி, எழுத்து எழுத்தா ஒத்துப் பாக்கணும். கொஞ்சமா அனுப்பி, வந்துச்சான்னு அவர் வாயால கேட்டுட்டுத்தான் மிச்சம்."

"பணம்?"

"திரும்பறது கஷ்டம் சார். அவன் எங்கேயாவது காசா மாத்த வந்தா மடக்கப் பாக்கறேன்."

வாத்தியாரின் நெற்றி மேசையைத் தொட்டுவிட்டு வந்தது. மிச்சமிருந்த ஒரே ஆறுதலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"போகட்டும்மா. இந்த முட்டாளும் உருப்படியா ஒண்ணு செஞ்சிருக்கேன். உன்னை உருவாக்கினேனே! சரித்திரத்துல நூத்துக்கு நூறு! ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

அதிகாரியின் முகம் சிவந்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவர் காதருகே குனிந்தாள்.

"சார், அந்த விடைத்தாள்ல முதல் பத்தியும் கடைசி பத்தியும்தான் சரித்திரம். நடுவுல பூரா சினிமாக் கதை."