முதல்ல என்ன செய்யணும்?

"புருஷன் அடிச்சு முகம் வீங்கி ஒருத்தி வர்றா. சமூகப் பணியாளர் முதல்ல என்ன செய்யணும்?" புத்தகத்தைப் பார்த்துக் கேட்டான் கர்ட்டிஸ்.

ரோண்டா யோசித்தாள். பளாரென்று விழுந்தது அறை.

"ரெண்டு தடவை கோட்டை விட்டவளுக்கு என்னடி யோசனை? சமூகப் பணியாளர் லைசென்ஸ் பரீட்சை நாளைக்கு!"

உதட்டு ரத்தத்தைத் துடைத்தாள். "அவனுக்குத் தெரியாம அவ தப்பிக்க வழி பண்ணணும்."

"சரியான விடை!" என்று சிரித்தான்.

மறுநாள் காலை அவனே காரில் கொண்டுபோய் விட்டான். பரீட்சைக் கூடத்தில் செல்போன் கூடாது. அடையாள அட்டை கட்டாயம். போனைப் பிடுங்கிக்கொண்டு, பூட்டி வைத்திருந்த அவள் அட்டைகளைக் கொடுத்தான்.

நாலு மணி நேரப் பரீட்சை. முன்வாசலிலேயே காரில் காத்திருந்தான். ஐந்து மணி நேரமாகியும் அவள் வரவில்லை. உள்ளே பாய்ந்து காவலாளியின் சட்டையைப் பிடித்து உலுக்கினான். "எங்கடா என் பொண்டாட்டி? லைசென்ஸ் பரீட்சைக்கு வந்தவ!"

"அந்தப் பரீட்சை இன்னிக்கு இல்லையே சார். காலையில பின்வாசல் எங்கன்னு கேட்டாங்களே, அவங்களா?"