சிறப்பு விருந்தினர் பேசுகிறார்

நாற்காலிகள் வந்துவிட்டன. உட்கார ஆள்தான் இன்னும் வரவில்லை.

மைக்செட்காரரின் மனைவி மண்டபத்து மேடையில் ஏறி மைக்கை இரண்டு தட்டுத் தட்டினாள்.

கூட்டம் தொடங்குமுன் மைக்கைச் சோதிப்பது அவள் வேலை. கணவர் பேரம் பேசுவார், ஒயர் இழுப்பார். எந்தக் குரலுக்கு எவ்வளவு ஏற்ற வேண்டும், எங்கே கரகரக்கும், எப்போது கீச்சிடும் என்பதெல்லாம் அவள் காதுக்குத்தான் தெரியும்.

அது அவருக்கும் தெரியும். ஆனாலும் யாராவது விசாரித்தால், "தனி ஆளா நின்னு பார்த்துக்கறேன் சார்" என்பார். மனுஷனுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, வாய்ப் பழக்கம். நேற்றும் அப்படித்தான் சொன்னார். அப்போது அவர் தூக்கியிருந்த பெட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் இவள்.

நன்றியுரையிலும் அதே கதைதான். நாற்காலி கொடுத்தவர், பூங்கொத்து கட்டியவர், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியவர் என்று ஒருவர் விடாமல் நன்றி சொல்வார்கள். மைக்செட் என்றதும் கணவர் எழுந்து கும்பிடுவார். கைதட்டல் மைக்கில் புகுந்து காதைப் பிளக்காமல் இவள் சத்தத்தைக் குறைப்பாள்.

அதனால் அவள் தனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தாள்.

மற்றவர்கள் ஹலோ, ஒன், டூ, த்ரீ என்று சோதிப்பார்கள். இவள் காலி நாற்காலிகளைப் பார்த்துத் தன்னைப் பற்றி நல்லதாக ஒரு வரி சொல்லிக்கொள்வாள். 'இந்த மேடைக்கு இன்னிக்கு வாய் கொடுக்கறது நான்.' அவ்வளவுதான். வேளாவேளைக்கு மாத்திரை போடுகிற மாதிரி. அது உள்ளே இறங்கிவிட்டால் அன்றைக்கு முழுக்க நிமிர்ந்து நடப்பாள்.

இன்றைக்கு அந்த ஒரு வரி போதாது. முழுப் பேச்சாகப் பேசிவிடுவது என்று வந்திருந்தாள்.

"அனைவருக்கும் வணக்கம்! இன்றைய சிறப்பு விருந்தினர் யார் தெரியுமா? நான்தான்!"

சொன்ன மறுகணமே அவள் குரல் ஜன்னல் வழியாகத் திரும்பி வந்தது. தெருவிலிருந்து. கூம்பு ஸ்பீக்கரில், கணீரென்று.



சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். எதிர்மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண், ஈரத் துணியும் கையுமாக எட்டிப் பார்த்தாள்.

மேடை ஓரத்தில், கைக்கு எட்டுகிற தூரத்தில், சத்தத்தை ஏற்றி இறக்கும் மிக்சர் பெட்டி. அதில் வெளி ஸ்பீக்கருக்கு என்று ஒரு சிவப்புப் பொத்தான். விரல் தானாக அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு அமுக்கு அமுக்கினால் போதும். 'மைக் டெஸ்டிங்' என்று அசடு வழியச் சிரித்துச் சமாளித்துவிடலாம். சைக்கிள்காரர் போய்விடுவார். நாளைக்கு மறுபடியும் காலி நாற்காலிகள், மறுபடியும் அந்த ஒற்றை வரி.

 பல்லைக் கடித்துக்கொண்டு விரலை எடுத்துவிட்டாள்.

எடுத்ததுதான் தாமதம், மடை திறந்த மாதிரி கொட்டியது பேச்சு. எத்தனை மேடைகளைக் கேட்ட காது! எங்கே நிறுத்தி, எங்கே உயர்த்த வேண்டும் என்று அவளுக்கா தெரியாது?

இந்த வட்டாரத்தில் யார் மேடை ஏறினாலும் அவர்கள் குரலைத் தூக்கி நிறுத்துவது தன் கைதான் என்றாள். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவரைக் கடைசி வரிசைவரை கொண்டு சேர்ப்பது தன் கை. சுருதி தப்பிய பாடகர் ஒருவரின் மானத்தை எதிரொலியை ஏற்றிக் காப்பாற்றியதும் இதே கை. இந்த மைக்செட்டை நடத்துவது ஒருவர் இல்லை, இரண்டு பேர் என்றாள். அதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். நடுவில் சின்னதாக இருமிவிட்டு, பெரிய பேச்சாளர்கள் குடிக்கிற மாதிரி ஆற அமரத் தண்ணீர்கூடக் குடித்தாள்.

வெளியே யாரோ விசில் அடித்தார்கள். மாடிப் பெண் ஈரக் கையோடு கைதட்டினாள்.

அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சிரிப்பு பொங்கிப் பொங்கி வந்தது. இவ்வளவு நல்ல குரலா தனக்கு! அடுத்தவர் குரலுக்கே காதைக் கொடுத்துக்கொண்டிருந்ததில் இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே! சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. ஒரு பாட்டுக்கூடப் பாடிவிடலாமா என்று தோன்றியது.

அதற்குள் கணவர் மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தார். பேட்டரி வாங்கப் போயிருந்தவர், தெருமுனையிலேயே மனைவியின் குரலைக் கேட்டுவிட்டு, வாங்காமல் திரும்பியிருந்தார்.

"என்ன பண்றே நீ? தெரு பூரா கேக்குது! இன்னிக்கு உள்ளதானே கூட்டம், வெளி ஸ்பீக்கருக்கு ஆர்டரே இல்லையே! பின்பக்கத் தெருவில அதை எவன் கட்டினான்?"

அவள் மைக்கை அணைக்கவில்லை.

"நான்தாங்க கட்டினேன். காலையில நீங்க எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே வந்து, ஏணி போட்டு ஏறிக் கட்டினேன். தெருமுனை வரைக்கும் தெளிவா கேட்டுச்சா?"