வரப்பில் நின்ற பெரியப்பா

வயலில் வளர்ந்த கத்தரிச் செடிக்கு, வரப்பில் நின்ற காட்டுக் கத்தரியைக் கண்டாலே அவமானம். உடம்பெல்லாம் முள், கோலிக்குண்டு அளவே உள்ள கசப்புக் காய்.

"நாம் சொந்தம் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், பெரியப்பா" என்றது கத்தரி.

"யார் கேட்கப் போகிறார்கள்?" என்றது காட்டுக் கத்தரி.

ஒருநாள் விவசாயி ஏகாம்பரம் வரப்பு முழுக்கக் களைக்கொல்லி அடித்தார். கத்தரிக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த மாதம் வாடல் நோய் வந்து பாதி வயல் சாய்ந்தது. ஆராய்ச்சி நிலையத்துப் பெண் வந்து பார்த்தாள்.

"காட்டுக் கத்தரியின் வேர்தான் இந்த நோயைத் தாங்கும். அதன்மேல் ஒட்டுக் கட்டினால் உங்கள் கத்தரி பிழைக்கும். இங்கே எங்காவது இருக்கிறதா?"

ஏகாம்பரம் தலையைச் சொறிந்தார். தேடியதில், ஒரு கல்லுக்குப் பின்னால் ஒரே ஒரு செடி பாதி கருகி நின்றது. அவள் அதைச் சுற்றி வேலி போட்டுவிட்டுப் போனாள்.

கத்தரி குழைந்து பேசியது. "பெரியப்பா, நம் குடும்பத்திலேயே உங்களுக்குத்தான் வேர் பலம். எனக்குத் தருவீர்களா?"

"தரலாம். ஆனால் மருந்தடித்ததில் மிஞ்சியது இந்த ஒரு வேர்தான். இதையும் தந்துவிட்டால் நான் இருக்க மாட்டேன்."

கத்தரி சற்று யோசித்தது.

"பரவாயில்லை பெரியப்பா, எனக்கு ஒன்று போதும்."