துரைக்கு என்ன ஏக்கம்?

கண்ணில் சொட்டு மருந்து விட்டு, “நான் சொல்ற வரைக்கும் கண்ணத் தொறக்கவே கூடாது” என்று வாடிக்கையாளரை மிரட்டி நாற்காலியில் சாய்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பின்வாசல் வழியாக நழுவினார். சட்டைப் பையில் ஒரு பொட்டலம் இருந்தது.

தெருமுனையில் நின்று இரண்டு பக்கமும் நோட்டம் விட்டார். மனைவி வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரி எதிர்ச்சாரியில்தான் இருக்கிறது. அவர் கண்ணில் பட்டால் மானம் கப்பலேறிவிடும். ஆனாலும், அங்கே ஒரு ஜீவன் தனியாகக் கிடந்து தவிக்குமே என்ற நினைப்பு இவரை இழுத்துக்கொண்டு போனது.

பூட்டைச் சத்தமில்லாமல் திறந்தார். “என் தங்கமே, நான் வந்துட்டேன்!”

சோபாவில் கிடந்த பழுப்பு வால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓய்ந்தது. ஆமாம், திருட்டுத்தனமாக நுழைந்தது அவருடைய சொந்த வீட்டுக்குள்தான். தங்கம் என்பது துரை என்கிற நாய்.

துரை வந்த அன்றைக்கே மனைவி சட்டம் போட்டுவிட்டார். “வேலை நேரத்துல யாரும் வீட்டுக்கு ஓடி வந்து கொஞ்சக் கூடாது. தனியா இருந்து பழகட்டும்.” அப்பாவும் மகளும் துரையின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள். அந்த வாரமே கடைக்காரர் சத்தியத்தைக் காற்றில் பறக்கவிட்டார்.

பொட்டலத்தைப் பிரித்து பிஸ்கட்டை நீட்டினார். துரை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. காதைச் சொறிந்தார், பந்தை உருட்டினார், தெரிந்த பாட்டையெல்லாம் பாடினார். அது நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது.

“இவ்வளவு ஏக்கமாடா உனக்கு?” என்று அதன் தலையைத் தடவினார்.

கிளம்பும்போதுதான் தலைக்கு மேல் ஃபேன் ஓடுவதைக் கவனித்தார். காலையில் கடைசியாகக் கிளம்பியவர் அவர்தான், அணைத்த மாதிரிதான் ஞாபகம். வயசாகுது என்று தன்னையே திட்டிக்கொண்டு, அணைத்துவிட்டுக் கடைக்கு ஓடினார். வாடிக்கையாளர் இன்னும் பயபக்தியோடு கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார்.

சாயங்காலம் நிலைமை இன்னும் மோசம். மூன்று பேரும் சுற்றி நின்று கூப்பிட்டும், துரை ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. தட்டில் வைத்த சாப்பாடு அப்படியே கிடந்தது.

“ஆசைக்கு வளக்கறோம்னு ஒரு வாயில்லா ஜீவனப் பூட்டி வெச்சு வதைக்கறோம்.” மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்க அண்ணன் வீட்டுல எந்நேரமும் ஆள் இருக்கும். தனியா இருந்துதான் இப்படி ஆயிட்டான்னு டாக்டரும் சொல்லிட்டாங்கன்னா, அண்ணன நாளைக்கே வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லியிருக்கேன்.”

மகள் துரையைக் கட்டிக்கொண்டு அழுதாள். கடைக்காரருக்கோ, தான் தினமும் ஓடி வந்தது போதவில்லையே என்ற வேதனை.

அன்றைக்கே கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா துரையை மேஜைமேல் கிடத்தி, வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். துரை எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை.

“காய்ச்சல் இல்ல. எடை கூடத்தான் செஞ்சிருக்கு. பகல்ல இவன்கூட யார் இருக்கீங்க?”

“யாருமில்ல டாக்டர். பாவம், தனியாத்தான் கிடக்கறான்” என்றார் மனைவி.

அதற்கு மேல் கடைக்காரரால் தாங்க முடியவில்லை. துரையே கைவிட்டுப் போகப் போகிறது, இனி சத்தியமாவது மானமாவது!

“அப்படி இல்ல டாக்டர். தினமும் கடைய விட்டுட்டுப் போய் இவன்கூட நான் விளையாடிட்டுத்தான் வர்றேன். அனுப்ப வேண்டாம்னு சொல்லுங்க டாக்டர்!”

மனைவி முறைத்த முறைப்பில் அவர் பாதியாகிவிட்டார். ஆனால் எதிர்பார்த்த திட்டு வரவில்லை.

“மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல... நானும் போவேங்க. பந்து விளையாடுவோம்.” சட்டம் போட்டவரே தலையைக் குனிந்துகொண்டார்.

“அடிப்பாவி!” என்றார் கடைக்காரர், பாதியிலிருந்து முழுசாகி.

மகள் கதவைப் பார்த்தபடி மெல்ல வாயைத் திறந்தாள். “காலேஜ்ல முதல் பீரியடுக்கு நான் இருந்ததே இல்லம்மா. கடைசி பீரியடுக்கும்தான்.”

மனைவிக்கு அதைக் கேட்டுக் கோபம் வரவில்லை, அழுகைதான் பொங்கிக்கொண்டு வந்தது. “மூணு பேரும் மாத்தி மாத்திப் போய்க் கொஞ்சியுமா டாக்டர் இவனுக்கு ஏக்கம் தீரல?”

மேஜைமேல் துரை குறட்டை விட ஆரம்பித்திருந்தது. டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“ஒரு நாளாவது அவனத் தனியா விடுங்கம்மா, தூங்கட்டும்!”