பல்லியின் கட்டைவிரல்

“கண்ணைத் திறந்தா ஆட்டம் செல்லாது, சொல்லிட்டேன்!” என்றார் டாக்டர்.

மேசைக்குப் பின்னால் அவர், கையில் ஊசி. எதிரே முக்காலியில், வலது கையை நீட்டிக் கண்ணை மூடியபடி பல்லி. பாறையில் ஒட்டிக்கொண்டு ஏறுவதைப் பார்த்து மலையேற்றக் கழகத்தில் வைத்த பெயர். அவளை ஒட்டினாற்போல் அவளுடைய அக்கா. கதவோரம், கழகத்துக்குப் புதிதாக வந்த செயலாளர், மடியில் இன்னும் ஒட்டாத உறையோடு.

செங்குத்துப் பாறை ஏறப் போகும் அணிக்குத் தலைவி யார் என்று அவர் இன்றே எழுதி அனுப்பியாக வேண்டும். போன வருடம் கல் உருண்டு விழுந்து, ஆபரேஷன் நடந்ததிலிருந்து பல்லியின் கட்டைவிரல் மரத்தே கிடந்தது. இன்றும் உணர்ச்சி இல்லையென்றால் வேறு ஆள்தான்.

“மத்தவங்களுக்கு விரல் மரத்தா ரெண்டு உதறு உதறிட்டு ஏறிடுறாங்க. உனக்கு ஏம்மா இவ்வளவு நாள்?” என்றார் செயலாளர்.

“என் விரலுக்குத் தூரம் கொஞ்சம் அதிகம் சார்.”

டாக்டர் குத்தினார். பல்லி அசையவில்லை. மறுபடி குத்தினார். ம்ஹும். செயலாளர் பேனா மூடியைத் திறந்தார். டாக்டர் மூன்றாவது முறை குத்தினார்.

“ஐயோ, கால்ல குத்துது!” என்று பல்லி துள்ளினாள்.

அக்கா கைதட்டினாள். டாக்டர் ஊசியைப் போட்டுவிட்டு எழுந்தே விட்டார். “வந்துடுச்சு!”

செயலாளருக்குத் தலை சுற்றியது. “கையில குத்துனா கால்லங்கிறா. இதுக்குக் கைதட்டல் வேறயா?”

“ஆரம்பத்துல அப்படித்தான் சார் இருக்கும்” என்றார் டாக்டர்.

செயலாளர் லேசில் விடுகிறவர் அல்ல. பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து நீட்டினார். “கண்ணை மூடிக்கிட்டே இதுல முடிச்சுப் போடும்மா, பாக்கலாம்.”

கயிறு பல்லியின் கட்டைவிரலுக்கடியில் ஓடியது. பாதியில் நின்றது. பின்னால் போய், மறுபடி அதே இடத்தில் நின்றது.

“பாத்தீங்களா, விரல் தடுமாறுது.”

“விரல் தடுமாறல சார். கயிறு நைஞ்சிருக்கு. இதுல உங்களைக்கூடக் கட்டித் தொங்கவிட மாட்டேன்!”

செயலாளர் குபீரென்று சிரித்துவிட்டார். வேண்டுமென்றேதான் அந்தக் கயிற்றைக் கொண்டு வந்திருந்தார். நைந்த இடம் அவர் கண்ணுக்கே சட்டென்று அகப்படாது. ‘அணித் தலைவி’ என்ற இடத்தில் அவள் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினார்.

அக்கா தங்கையின் முதுகில் ஒன்று வைத்தாள். “குண்டு விரல்னு கிண்டல் பண்ணவங்கல்லாம் இப்ப வந்து பாக்கட்டும்டீ!”

“ஒண்ணுதான் பாக்கி. எல்லாருக்கும் ஷூ தைக்கிறாங்க. உன் அளவு என்ன?” என்றார் செயலாளர்.

“ஏழு சார். இடது ஷூவுல மட்டும் கட்டைவிரல் இருக்கிற இடத்தை அடைச்சுத் தைக்கச் சொல்லுங்க.”

அப்படியே எழுதிக் கடிதத்தை உறைக்குள் போட்ட செயலாளர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். “ஏன், உன் கால் கட்டைவிரல் எங்க போச்சு?”

“எங்கயும் போகல சார். கையில இருந்தது கல்லுல நசுங்கிப் போனதால, டாக்டர் கால்ல இருந்ததை எடுத்துக் கையில வெச்சுட்டாங்க. பதவி உயர்வு!” என்ற பல்லி, உறையை வாங்கி, அந்தக் குண்டு விரலாலேயே அழுத்தி ஒட்டித் தபாலுக்குக் கொடுத்தனுப்பினாள்.