கண் தேடுகிற கடிதம்

செங்கல்பட்டு கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில், மனு தட்டும் வேதாந்தத்தின் விரல்கள் டைப்ரைட்டர் மேல் அசையாமல் நிற்கின்றன. எதிரே, வெயில் பொட்டுப்பொட்டாய் விழும் மண்ணில் சந்திரம்மா. மடியில் ஒற்றைக் குட்டி ஷூ. பாதிரி பங்களாவில் அவள் தூக்கி வளர்த்த வெள்ளைக்காரப் பிள்ளை போன மாதம் பெற்றோரோடு கப்பலேறிவிட்டது.

"புள்ளைய கண்ணு தேடுதுன்னு தொரசாணிக்கு எழுது சாமி."

இருபது வருஷமாக மனுவுக்கு மனு 'ஹம்ப்ளி பெக்', பணிவோடு வேண்டுகிறேன், என்று கெஞ்சியே பழகியவரிடம் இதற்கு இங்கிலீஷ் இல்லை.

"அப்படியே இங்கிலீஷ்ல போட்டா, எதையோ தொலைச்சவ எழுதினாப்பல இருக்கும்மா."

"தொலைச்சிட்டுத்தான சாமி குந்திகினு கீறேன்."

காகிதத்தில் விழுந்த வேப்பம்பூவை அவர் ஊதித் தள்ளுகிறார். முதல் வரியில் வழக்கம்போல் தட்டியிருந்த 'ஹம்ப்ளி பெக்'கின் மேல் வரிசையாக எக்ஸ் அடித்து மறைக்கிறார். பிறகு, அவள் சொன்னதை அப்படியே தட்டுகிறார்.